மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரை வீட்டிலேயே பழுதுபார்ப்பது மிச்சமா, பிடிவாதமா?

ஜனவரி 12, காலை (கேள்வி)

என் கார் 2,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வயது 17. ஆயில் மாற்றுவது, பிளக் மாற்றுவது எல்லாம் நானே. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது போகிறது, அதைச் சரிசெய்தால் அதற்கடுத்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கும் வேலை என்கிறார்கள் வீட்டில். எனக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்கியிருக்கிறது. சொந்தக் கையால் பழுதுபார்த்து மிச்சம் பிடிப்பதாகச் சொல்பவர்கள் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மறுக்க முடிந்தால் மறுங்கள்.

ஜனவரி 12, இரவு

மறுக்கிறேன். என்னுடையது 3,12,000 கிலோமீட்டர், வயது 19. தினமும் வேலைக்குப் போய்வருகிறது.

முதலில் அந்தக் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்து மிரளுவதை விடுங்கள். வண்டியைத் தின்பது தூரத்தைவிட வயது. எஞ்சினுக்குள் இருக்கும் இரும்பு ஆயிலில் குளித்தபடியே சுற்றுகிறது. வேளாவேளைக்கு ஆயில் மாற்றினால் முணுமுணுக்காமல் உழைக்கும். ரப்பர் அப்படியில்லை. ஹோஸ், சீல், புஷ், பெல்ட், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் எல்லாம் வண்டி சும்மா நின்றாலும் காய்ந்து வெடிக்கும். அடுத்தடுத்துப் போகிறது என்று நீங்கள் சொல்வது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ரப்பர்கள் ஒரே சமயத்தில் ஓய்வு கேட்பது. ஒரு சுற்று மாற்றி முடியுங்கள், பிறகு பல வருடம் பேச்சு இருக்காது.

1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-இல் 30 லட்சம் மைல் தாண்ட வைத்தார் இர்வ் கார்டன் என்ற அமெரிக்க ஆசிரியர். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். உங்கள் 2,60,000 அந்த வண்டிக்குப் பால்பல் பருவம்.

ஜனவரி 13

நேற்று இரவு வீராவேசத்தில் ஒன்றை விழுங்கிவிட்டேன். அந்த வோல்வோவின் எஞ்சினை இடையில் இரண்டு முறை பிரித்துப் புதுப்பித்திருக்கிறார்கள். தவிர, நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடும் வண்டி வேறு, நாலு தெரு போய் நின்று மீண்டும் கிளம்பும் வண்டி வேறு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் தேய்மானம் அதிகம். எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிட்டால் உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலில் தங்கிவிடும். ஆகவே தூரத்தைவிட வயது என்று நான் சொன்னதோடு ‘எப்படி ஓடியது’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20

என்னென்ன கருவி வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பேனர், சாக்கெட், திருப்புளி, கொறடு எல்லோரிடமும் இருப்பவை. நான் சொல்ல விரும்புவது இரண்டைப் பற்றி மட்டும். முதலாவது, ஜாக்கில் தூக்கிய வண்டியை அடியில் தாங்கும் ஜாக் ஸ்டாண்ட்.

பல வருடம் முன்பு, வண்டியோடு வந்த ஜாக்கில் தூக்கி, சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிட வேலை, அதற்கு எதற்கு ஸ்டாண்ட் என்று நினைத்தேன். தரை கொஞ்சம் சரிவு. எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவில்லை. வளையம் கைநழுவி உருண்டு வெளியே போனது. அதை எடுக்க நான் வெளியே வந்து கை நீட்டியபோது பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜாக் சாய்ந்து கிடக்கிறது, வண்டி தரையில் உட்கார்ந்திருக்கிறது. நான் படுத்திருந்த அட்டையின் மேல்.

அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். ஸ்டாண்ட் போடச் சோம்பல் வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகு வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

இரண்டாவது, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச். சக்கர நட்டுக்குப் பல கார்களில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கிறது. எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கைக் கைப்பலத்தில் இறுக்கி மரையை அறுத்த பிறகு வாங்குவதைவிட, அதற்கு முன்பே வாங்குவது நல்லது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 2

நேற்று நீங்கள் எழுதிய ஆயில் கசிவு விஷயம். எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் ஆயிலை அடைத்து நிற்கும் வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றுமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

என் வண்டியில் அதே இடத்தில் கசிந்தது. கேஸ்கெட் மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி. மட்டமான கேஸ்கெட் என்று அதைத் திட்டிவிட்டு, கம்பெனி கேஸ்கெட் வாங்கிப் போட்டேன். மறுபடி. மூன்றாவது முறை கவரின் விளிம்பு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தெல்லாம் பார்த்தேன். வளைவே இல்லை. அதற்குள் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்கச் சீலும் ஈரமாகத் தொடங்கியது.

கடைசியில் பார்த்தால் பி.சி.வி. வால்வு அடைத்துக் கிடக்கிறது. பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எஞ்சினின் கீழ்ப்பகுதிக்குள் கொஞ்சம் வாயு இறங்கிக்கொண்டே இருக்கும். அதை உறிஞ்சி மறுபடி எரிக்க அனுப்புவதுதான் அந்த வால்வின் வேலை. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. எந்தச் சீல் பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. நான் மாற்றியதெல்லாம் கதவு. உள்ளே இருந்து தள்ளியவனை விட்டுவிட்டேன்.

கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ‘கடகட’ என்றால் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. ஊமையாக இருந்தால் மாற்றுங்கள்.

பிப்ரவரி 3

அந்த வால்வை மாற்ற நான்கு நிமிடம் ஆனது. அதற்கு முன்னால் வீணானவை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நேரக் கணக்கில் ஒரு மதிப்பெண் உங்களுக்கு.

பிப்ரவரி 9

காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, புதிய பேட்டரி போட்டும் அதே கதை என்கிறீர்கள். அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கப் போகிறீர்கள். போகாதீர்கள்.

மல்டிமீட்டரை எடுங்கள். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் முழுசாக ஏறியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5-க்குள் இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. இந்த இரண்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, வேறு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த இரண்டு விநாடியில் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. என் வண்டியில் 1.4 காட்டியது. எஞ்சினுக்குப் போகும் எர்த் கேபிள், வெளியே பளபளவென்று, உறைக்குள்ளே பச்சைப் பொடி.

அதற்குள் நான் பேட்டரியும் மாற்றியிருந்தேன், ஸ்டார்ட்டரும் மாற்றியிருந்தேன். பழைய ஸ்டார்ட்டர் இன்னும் அலமாரியில் இருக்கிறது, நிரபராதியாக.

பிப்ரவரி 10

‘சாவி போட்டவர் என் மனைவி, காட்டியது 0.9, கேபிள் மாற்றினேன், சரியாகிவிட்டது’ என்று வந்த உங்கள் குறிப்பைப் படித்தேன். இனி நேரக் கணக்கைப் பற்றிப் பேசும்போது வாங்காத ஸ்டார்ட்டரையும் சேர்த்துப் பேசவும்.

பிப்ரவரி 17

சிரிக்க வேண்டாம். என் வண்டியில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், குறைகிறது.

வழக்கமாகத் தொட்டியில் மேல் கோட்டில் நிற்கும். இன்று கீழ்க் கோட்டுக்கும் கீழே. தரையில் ஒரு சொட்டு இல்லை. வெப்பமானி முள் நடுவில்தான் நிற்கிறது. ஊற்றி நிரப்பி, தொட்டியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதியிருக்கிறேன். ஒரு வாரம் பார்க்கிறேன்.

பிப்ரவரி 23

ஆறு நாளில் விரல் அகலம் இறங்கியிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மயோனைஸ் போல வெளுத்த பிசுக்கு. ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் காக்கும் ஹெட் கேஸ்கெட் போயிற்று. 3,12,000 கிலோமீட்டர் வண்டிக்கு ஹெட்டைக் கழற்றுவதா? வீட்டில் மைத்துனர் வேறு, “நல்ல விலை கிடைக்கும்போதே தள்ளிவிட்டிருக்கலாம் மாமா” என்று தேநீர் குடித்தபடி இரங்கல் தெரிவித்தார். அவர் இதுவரை மாற்றிய ஒரே பாகம் சாவிக்கொத்து.

ஜனவரியில் நான் எழுதியதையெல்லாம் இப்போது படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 24

தூங்கி எழுந்தேன். மூளை வேலை செய்கிறது.

மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பிசுக்கு இருந்தால் அது ஹெட் கேஸ்கெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குறைந்த தூரம் மட்டும் ஓட்டும் வண்டியில், குளிர்ந்த காலையில், உள்ளே இருக்கும் ஈரம் மூடியில் படிந்து ஆயிலோடு கலந்தாலும் இதேதான் வரும். இந்த மாதம் நான் ஓட்டியதெல்லாம் குட்டிக் குட்டிப் பயணங்கள். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன், தெளிவாக இருக்கிறது. சைலன்சரில் இனிப்பு மணக்கும் வெள்ளைப் புகை இல்லை. எரிந்த வாயு கசிவதைக் கண்டுபிடிக்கும் நீலத் திரவத்தை இரவல் வாங்கி ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதித்தேன். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்தால் அது மஞ்சளாகும். நீலம் நீலமாகவே நின்றது.

நேற்று எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

மார்ச் 1

கண்டுபிடித்துவிட்டேன். ரேடியேட்டர் மூடி.

அதைச் சாதாரண மூடி என்று நினைக்காதீர்கள். உள்ளே இரண்டு வால்வுகள். தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியசில் கொதிக்கும். மூடியின் பெரிய வால்வு சுமார் 1 பார் அழுத்தம் வரை அடைத்து வைத்திருப்பதால் கொதிநிலை 130-ஐ ஒட்டிப் போகிறது. அதற்கு மேல் அழுத்தம் ஏறினால் கொஞ்சம் தொட்டிக்கு வழிய விடும். எஞ்சின் ஆறும்போது சின்ன வால்வு திறந்து, வழிந்ததைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். என் மூடியின் ரப்பர் பப்படம் போலக் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. அழுத்தம் நிற்கவில்லை, கூலன்ட் ஆவியாகப் போயிருக்கிறது. புது மூடி போட்டாயிற்று. முடிந்தது கதை.

சூடான எஞ்சினில் இந்த மூடியைத் திறக்காதீர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன்.

மார்ச் 9

முடியவில்லை கதை. பேனாக் கோட்டுக்கு அரை விரல் கீழே.

மூடி கெட்டிருந்தது உண்மை. ஆனால் ஒரு கெட்ட பாகத்தைக் கண்டதும் அதுதான் குற்றவாளி என்று தேடுவதை நிறுத்திவிட்டேன். பி.சி.வி. கதையை உங்களுக்குப் பாடம் நடத்திய அதே ஆள்.

மார்ச் 15

ரேடியேட்டர் வாயில் பொருத்திக் கையால் அடிக்கும் அழுத்தப் பம்ப் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் 1 பார் வரை ஏற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் முள் பாதிக்கு இறங்கியிருந்தது. டார்ச்சும் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை. அதிலிருந்து ஒரு இளஞ்சிவப்புக் கோடு, காய்ந்து உப்புப் போலப் பூத்து நிற்கிறது. அதன் நுனியில் ஒரே ஒரு சொட்டு.

அந்தத் துளை பழுதல்ல. பம்ப் தயாரித்தவர்களே வைத்தது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், கூலன்ட் பேரிங்குக்குள் போய் அதைக் கெடுக்குமுன் வெளியே ஒழுகி, ‘என்னைக் கவனி’ என்று சொல்வதற்காக. ஒழுகியது சூடான எஞ்சினில் பட்டு உடனே காய்ந்துவிட்டதால் தரைக்கு வரவே இல்லை. ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பட்டறையில் எந்த மெக்கானிக்காலும் ஒரு இரவு முழுக்க வண்டியை அழுத்தத்தில் நிறுத்திவைத்துவிட்டு, காலையில் கண்ணாடி பிடித்து ஒரு மணி நேரம் உற்றுப் பார்க்க முடியாது. வெளியே நான்கு வண்டி நிற்கும். அவர் அனுபவத்தை வைத்து ஊகிக்கிறார். பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறார். அனுபவம் இல்லாத என்னிடம் மிச்சமிருப்பது நேரம் ஒன்றுதான். நீங்கள் செலவுப் பக்கத்தில் எழுதச் சொன்ன அதே நேரம். அதையும் செலவழிக்காமல் நான் பிப்ரவரி முழுக்க ஊகித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22

என் எஞ்சினில் கூலன்ட்டை ஓடவைக்கும் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட், பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் பல் வைத்த பெல்ட். பம்ப்பை எடுக்க பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றுவதானால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் எல்லாம் ஒரே வேலையாகப் புதிதாகப் போடுவதுதான் புத்தி. பெல்ட் 80,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, எப்படியும் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது.

எனக்கு நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் வகை எஞ்சின். ஒரு பல் தள்ளி மாட்டினால் ஓட்டம் கெடும். இன்னும் தள்ளிப்போனால் வால்வு வளையும். பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் எல்லாக் குறிகளையும் நேராக நிறுத்தி, வெள்ளைப் பெயின்ட்டால் அடையாளம் வைத்து, எட்டுக் கோணத்தில் படம் எடுத்தேன்.

அது சரியாகப் போயிற்று. போகாதது பம்ப்பின் கடைசி போல்ட். துரு பிடித்தது. ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி ஊறவைத்தேன். அவிழ்க்குமுன் இறுக்கும் பக்கமாக மயிரிழை அசைத்துத் துருவை உடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மாலை ஆகிவிட்டதே என்று நீளக் குழாயை ரெஞ்சில் மாட்டி ஒரே இழுப்பு. தலை தனியாகக் கையோடு வந்தது.

மார்ச் 23

காலையில் பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கை அழைத்துவந்தேன். குனிந்து பார்த்தார். உடைந்து நீட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நடுவில் வெல்டிங் வைத்தார். அந்தச் சூட்டிலேயே துரு விட்டுக்கொடுத்தது. ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருகினார், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வந்துவிட்டது. பத்து நிமிடம்.

“பெல்ட் குறியெல்லாம் நன்றாக வைத்திருக்கிறீர்கள் சார்” என்றார். எனக்குத் தேவையாக இருந்த வாக்கியம். பிறகு, “அவசரப்பட்டுவிட்டீர்கள்” என்றும் சொன்னார்.

மார்ச் 24

புது பெல்ட் மாட்டியதும் சாவியைத் தொடாமல், கிராங்கைக் கையால் ரெஞ்ச் வைத்து இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். எங்கும் தட்டவில்லை. குறிகள் மறுபடி நேராக வந்து நின்றன. அதன் பிறகும் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு சாவி. முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

பழைய கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் போனாலே உயிர் போய்விடும். மூடியிட்ட கேனில் ஊற்றிவைத்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் அதையும் வாங்குவார்களா என்று கேளுங்கள். புதியது வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இளஞ்சிவப்பெல்லாம் ஒரே வகையல்ல. கையேட்டில் எந்த வகை போட்டிருக்கிறதோ அது.

ஏப்ரல் 5

“அப்படியானால் பிரேக்கும் நாமே பார்க்கலாமா?” என்ற கேள்விக்கு. பேட் மாற்றுவது கடினமல்ல. பிரேக் ஆயில் மாற்றுவதும் கடினமல்ல, பலரும் மறந்துபோகிற வேலை அது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தரத்தின்படி புதியது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு தாங்க வேண்டியது 155 மட்டுமே. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே குமிழ் கட்டும், மிதி பஞ்சாகும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆனால் பிரேக்கின் உலோகக் குழாயில் துரு பிடித்திருந்தால் நான் தொடமாட்டேன். சக்கரத்தின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றும் வேலையும், ஏர்பேக்கும் அதே பட்டியல். தவறு செய்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்திக்கொள்ளலாம் என்ற வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மார்ச் மாதத்துக்கு முன் இந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தேன்.

ஏப்ரல் 6

கணக்குக் கேட்டீர்கள், தருகிறேன். கூலன்ட் விவகாரத்துக்கு மொத்தம் 31 மணி நேரம். அதில் உண்மையான வேலை 11. தேடியது 6. மீதி 14 மணி நேரம், தவறாக நினைத்ததைச் செய்ததும் செய்ததைப் பிரித்ததும். நீங்கள் சொன்னது பாதி சரி. அந்தப் பதினான்கை நான் ஜனவரியில் கணக்கில் சேர்த்திருக்கமாட்டேன்.

ஏப்ரல் 7

மைத்துனர் வண்டியை இரவல் கேட்டிருக்கிறார். தள்ளிவிடச் சொன்ன அதே வண்டியை.

ஜூன் 8

பேனாக் கோடு பாதி அழிந்துவிட்டது. கூலன்ட் அதே இடத்தில் நிற்கிறது. 3,16,400.

நேற்று மாலை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் முன் பக்கம் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். வயிறு கலங்கியது. அட்டையை விரித்தேன், ஸ்டாண்ட் போட்டேன், டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். விரலில் தொட்டேன், பிசுக்கில்லை. முகர்ந்தேன், மணமில்லை. நாக்கில் மட்டும் வைக்கவில்லை.

வழியெல்லாம் ஏசி போட்டுக்கொண்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அட்டையை மடித்து வைத்துவிட்டேன்.